பின்சுவரில் வளரும் பாம்பு

ஜூன் 12

அன்புள்ள அண்ணா,

மலைக் குளிரில் கம்பளிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் நீட்டி இதைப் பிரிப்பாய் என்று தெரியும். எனக்கு ஒரு குறையும் இல்லை, பள்ளி திறந்த மாதத்துக்கே உரிய தொண்டைக் கரகரப்பைத் தவிர. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றாமல் வாயில் போடு.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். போன வாரம் எங்களைப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். தூங்கலாம் என்றுதான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். தூக்கம் வரவில்லை. பிள்ளைகளே கதைப்புத்தகம் செய்யும் ஒரு ஆப்பைக் காட்டினார்கள். படம் வரையலாம், போட்டோ எடுத்து ஒட்டலாம், தங்கள் குரலில் கதையைச் சொல்லிப் பதியலாம். பக்கத்தைத் தள்ளினால் பிள்ளை பேசும்! எல்லாம் இலவசம். இலவசம் என்பதால் நடுநடுவே சோப்பு விளம்பரம் வரும், ஒரு கதைக்கு இருபது பக்கம்தான். போகட்டும், பள்ளிக்கு வந்த டேப்லெட்டுகளும் யாரோ பயன்படுத்திக் கழித்தவைதானே.

என் நான்காம் வகுப்பு இப்போது புதுக் கட்டடத்தில். ஆமாம், நீ சைட் இன்ஜினியராய் நின்று கட்டிய அதே கட்டடம்தான்! "எங்க அண்ணன் கட்டினது" என்று முதல் நாளே பீற்றிக்கொண்டேன். 'வளரும் ஒன்று' என்று கதைத் தலைப்பு கொடுத்தேன். எல்லாரும் அவரைச்செடி, நாய்க்குட்டி, தம்பிப் பாப்பா என்று போனார்கள். முன்பல் விழுந்த ஒருத்தி மட்டும் வகுப்பின் பின்சுவரில் இருக்கிற வெடிப்பைப் போட்டோ எடுத்து, அதற்குக் கண்ணும் நாக்கும் வரைந்து, "இது எங்க கிளாஸ் பாம்பு. இப்பத்தான் குட்டி" என்று பதிந்து வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்குப் பாம்புக்காரி என்று பெயர்.

உன் மலையில் போன் பிடிக்காததால் அச்செடுத்து அனுப்புகிறேன். குரலுக்குப் பதில் அவள் சொன்னதைக் கீழே எழுதியிருக்கிறேன். தூரத்தில் ஒரு வாசகர் இருக்கிறார் என்று வகுப்பே துள்ளுகிறது. மானத்தைக் காப்பாற்று, பதில் போடு.

உன்,
வாயாடி


ஜூன் 28

அன்புத் தங்கை வாயாடிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. முழங்கால் தன் போக்கில் இருக்கிறது, நான் என் போக்கில் இருக்கிறேன். உன் தொண்டைக்கு வெந்நீர் குடி, பேச்சைக் குறை. இரண்டாவது உன்னால் முடியாது என்பதால் முதலாவதையாவது செய்.

சுரங்கப்பாதை வேலை மெதுவாகப் போகிறது. வாரத்துக்கு ஒருமுறை ஜீப் கீழே நகரத்துக்குப் போய் அரிசியும் டீசலும் கடிதமும் கொண்டுவரும். உன் உறையைப் பார்த்ததும் டிரைவர், "சார், தங்கச்சி புத்தகமே அனுப்பிட்டாங்க போல" என்றான். கூடாரத்தில் எல்லாரும் பாம்பைப் பார்த்துச் சிரித்தோம். உன் பாம்புக்காரிக்குக் கை நன்றாக ஓடுகிறது. எனக்குப் பிடித்தது என்று சொல்.

அது வெறும் பூச்சு வெடிப்புதான். சிமெண்ட் காய்ந்தால் எல்லாச் சுவரிலும் வரும். எந்தப் பின்சுவர்? ஜன்னல் பக்கமா, உத்திரத்துக்குக் கீழேயா? சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன்,
அண்ணன்


ஜூலை 9

அண்ணா,

நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தே சொல்லிவிட்டது, எழுத்து நேராக நிற்கிறது. நானும் நன்றாக இருக்கிறேன். வெந்நீர் குடித்தேன். பேச்சைக் குறைக்கவில்லை.

உன் கேள்விக்குப் பதில்: உத்திரத்துக்கு நேர் கீழே. கூரையைத் தாங்கிக்கொண்டு குறுக்கே போகிறதே, அது சுவரில் வந்து உட்காரும் மூலையிலிருந்து பாம்பு இறங்குகிறது. இப்போது ஜன்னல் சட்டத்தின் உயரத்துக்கு வந்துவிட்டது. பாம்புக்காரியின் கதையில் வகுப்பே சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் வந்ததும் முதல் வேலை போட்டோ. ஒரே இடத்தில் நின்று எடுக்க வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் கால் வரைந்து வைத்திருக்கிறார்கள். பக்கங்களைச் சட்சட்டென்று தள்ளினால் பாம்பு நிஜமாகவே ஊர்ந்து இறங்குவது மாதிரி இருக்கிறது, அண்ணா! எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இன்னொரு கூத்து. "பாம்புக்கு டவுசர் நிக்கல, பெல்ட் போடணும்" என்று ஒரு குறும்பன் சொல்லப்போய், காகிதத்தைப் பட்டை பட்டையாக வெட்டி வெடிப்பின் குறுக்கே மூன்று இடத்தில் ஒட்டிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை பார்த்தால் மேல் பெல்ட் இரண்டாகக் கிழிந்திருக்கிறது. "பாம்பு நிறைய சாப்ட்டுடுச்சு டீச்சர்!" என்று அத்தனை சந்தோஷம். அந்தப் பக்கத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

கூடாரத்து நண்பர்களுக்கும் காட்டு.

வாயாடி


ஜூலை 30

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். கடிதம் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

பக்கங்களைப் பார்த்தேன். நான் மட்டும் பார்த்தேன். மற்ற இரண்டு பெல்ட்டும் கிழிந்ததா? சுவரின் வெளிப்பக்கமும் அதே இடத்தில் கோடு தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்து எழுது. நீ பார், பிள்ளைகளை அனுப்பாதே.

அப்புறம், உன் இழுப்பு. சின்ன வயதில் எத்தனை நாள் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்? புதுக் கட்டடத்தில் ஈரம் ஏறும், மழைக்காலத்தில் உனக்கு ஒத்துக்கொள்ளாது. தலைமையாசிரியையிடம் சொல்லிப் பழைய கட்டடத்தில் ஒரு அறை வாங்கிக்கொள். தள்ளிப்போடாதே. இது அண்ணன் சொல்வது.

உன்,
அண்ணன்


ஆகஸ்ட் 10

அன்புள்ள அண்ணா,

நீ கவலைப்படுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் இல்லை. இழுப்பு என்னை விட்டுப் போய் எத்தனையோ வருடமாயிற்று, உனக்குத்தான் இன்னும் நான் தோளில் கிடக்கிற பிள்ளை. ஆனால் அம்மாவும் அப்பாவும் போன பிறகு நீ சொல்லி நான் எதைத் தட்டியிருக்கிறேன்? கேட்டேன், கிடைத்துவிட்டது. நேற்று முதல் நாங்கள் பழைய கட்டடத்தில். ஓடு ஒழுகும், பல்லி விழும், மற்றபடி மகாராஜா வாசம்.

வெளிப்பக்கமும் பார்த்தேன். ஆமாம், அதே இடத்தில் அதே கோடு. கைவிரல் நுனி உள்ளே போகிறது. மூன்று பெல்ட்டும் கிழிந்துவிட்டன.

எங்கள் அறைக்கு ஒன்றாம் வகுப்பு மாறியிருக்கிறது. கழிப்பறை பக்கத்திலேயே இருப்பதால் பொடிசுகளுக்கு வசதி என்று தலைமையாசிரியை உடனே சம்மதித்துவிட்டார். இருபத்திரண்டு பொடிசுகள். பாம்பை விட்டுவிட்டு வர மாட்டோம் என்று என் பிள்ளைகள் ஒரே அழுகை. கடைசியில் பாம்புக்காரி போய், "இது எங்க பாம்பு, பத்திரமா பாத்துக்கோங்க, கிட்டப் போய்ப் பேசினா அதுக்குப் பிடிக்கும்" என்று ஒப்படைத்துவிட்டு வந்தாள். இப்போது பொடிசுகள் சுவரோரம் உட்கார அடித்துக்கொள்கின்றன. அவர்களுடைய டீச்சர் போன வருடம்தான் வேலைக்கு வந்த பெண். அவளுக்கும் ஆப்பைச் சொல்லிக்கொடுத்தேன். கதை தொடர்கிறது!

இப்போது நிம்மதிதானே? ஸ்வெட்டரைப் போடு.

உன் பேச்சைக் கேட்ட,
வாயாடி


செப்டம்பர் 8

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்து நாளாயிற்று. நீ அறை மாறியது நல்லது. மிகவும் நல்லது.

இங்கே மழை முன்கூட்டியே வந்துவிட்டது. பாறை நனைந்தால் தானாகப் பெயர்ந்து விழும், சத்தம்கூட முதலில் வராது. சமையற்காரர் ஊருக்குப் போய்விட்டார், புது ஆள் போடும் தேநீர் வாயில் வைக்க முடியவில்லை.

ஒரு விஷயம். அந்தப் பாம்புக் கதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது என்று முதலில் நீ அனுப்பிய பக்கத்தின் அடியில் போட்டிருந்தது. கட்டடத்தின் சுவர் இப்படி ஊரெல்லாம் சுற்றுவது பள்ளிக்கு நல்ல பெயர் இல்லை. நாளை யாராவது கேட்டால் உன் வேலைக்கும் தொந்தரவு. கதையை எடுத்துவிடு. டேப்லெட்டில் உள்ள போட்டோக்களையும் சேர்த்து. வேறு கதை செய்யச் சொல், அவரைச்செடி நல்ல தலைப்புதானே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


செப்டம்பர் 20

அண்ணா,

நலமா என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், நலம்.

எடுத்துவிட்டேன். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. மூன்று மாதமாகப் பிள்ளைகள் செய்தது. எடுத்தால் திரும்ப வராது என்று ஆப்பே இரண்டு தரம் கேட்டது. பாம்புக்காரி என்னோடு பேசுவதில்லை. "டீச்சர் பாம்பைக் கொன்னுட்டாங்க" என்று எல்லாரிடமும் சொல்கிறாள். ஆனாலும் என் வேலைக்குத் தொந்தரவு வரும் என்று நீ சொன்ன பிறகு நான் என்ன செய்வது?

எடுப்பதற்கு முன்னால் பொடிசுகள் செய்த கடைசிப் பக்கத்தை ஒருமுறை கேட்டேன். "பாம்பு பேசுது, கேளுங்க" என்று சொல்லிவிட்டு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். முதலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆப்பில் இரைச்சலை நீக்கும் வசதி ஒன்று உண்டு, மின்விசிறிச் சத்தம் வராமல் இருக்க நான்தான் போட்டு வைத்திருந்தேன். அதை நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். கேட்டது, அண்ணா. சுவருக்குள் யாரோ பல்லைக் கடிப்பது மாதிரி. நிற்கிறது, மறுபடி வருகிறது.

அந்த அறைக் கதவும் இப்போது சாத்த வரமாட்டேன் என்கிறது. மேலே இடிக்கிறது. இளம் டீச்சர் சாக்குப்பையை மடித்து அண்டக்கொடுத்துத் திறந்தே வைத்திருக்கிறாள்.

போன கடிதத்தில் அந்த அறைக்கு யார் வந்தார்கள் என்று எழுதியிருந்தேன். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. படித்தாயா?

வாயாடி


அக்டோபர் 5

அன்புத் தங்கைக்கு,

படித்தேன்.

போன வாரம் முழங்காலைக் காட்டக் கீழே நகரத்துக்குப் போயிருந்தேன். மருந்துக்கடையில் போன் இருந்தது. உன் எண்ணைப் போட்டேன், அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். ஜீப் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது.

அந்தக் கட்டடத்தைக் காண்டிராக்டர் அவசரமாக முடிக்கச் சொன்னார். நான் அப்போது வேலைக்குப் புதிது. இப்போது அந்தப் பேச்சு எதற்கு.

மழை உங்கள் பக்கமும் வரும். வந்துவிட்டால் புதுக் கட்டடத்தின் பக்கமே நீ போகாதே. சாப்பிடுவதற்கோ, அந்த இளம் டீச்சரோடு பேசுவதற்கோகூட. சத்தியம் செய்து எழுது. உனக்கு என்னையும் எனக்கு உன்னையும் விட்டால் யார் இருக்கிறார்கள்?

அண்ணன்


அக்டோபர் 14

அண்ணா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே படித்தேன். "நீ போகாதே" என்று எழுதியிருக்கிறாய். நீ, நீ, நீ. கடிதம் முழுக்கத் தேடினேன், பிள்ளைகள் என்ற வார்த்தையே இல்லை. அடப்பாவி! ஈரமும் இல்லை, இழுப்பும் இல்லை. அந்தச் சுவர் நிற்காது என்று ஜூலையிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. என்னை மட்டும் வெளியே இழுத்துவிட்டு இருபத்திரண்டு குழந்தைகளை உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறாய். அதையும் என் கையாலேயே செய்ய வைத்திருக்கிறாய். அந்த உத்திரத்துக்குள் என்ன வைக்காமல் விட்டீர்கள்? கம்பியா, சிமெண்டா?

அன்றே பொடிசுகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் வகுப்போடு உட்காரவைத்தேன். நான்கு நாளாக அப்படித்தான் ஓடுகிறது. ஐம்பத்தைந்து பிள்ளைகள் ஒரே அறையில், ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே. பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். உன் கடிதத்தை நீட்டினேன். தலைமையாசிரியை, "டீச்சர், சுவர் விழும்னு இதுல ஒரு வரி இல்லையே. சுவத்துல கோடு இல்லாத ஸ்கூல் எங்க இருக்கு? ஒரு இன்ஜினியர் வந்து சொல்லட்டும், அடுத்த நிமிஷமே பூட்டறேன்" என்றார். கல்வி அலுவலகத்துக்கு ஓடினேன். நேற்று எடுத்த போட்டோவைக் காட்டினேன். "ஒரு போட்டோதானே இருக்கு? இது வளருதுன்னு எப்படிச் சொல்றீங்க? விண்ணப்பம் குடுங்க, மழை முடிஞ்சதும் ஆள் வருவாங்க" என்றார்கள்.

வளர்கிறது என்று காட்டுகிற போட்டோக்களை நான் அழித்துவிட்டேன். உன் பேச்சைக் கேட்டு அழித்தேன். நான் உனக்கு அச்செடுத்து அனுப்பிய பக்கங்கள் மட்டும்தான் இப்போது உலகத்தில் மிச்சம். அவை உன்னிடம் இருக்கின்றன.

ஒன்று, பக்கங்களை அனுப்பு. அல்லது கீழே இறங்கிப் பள்ளிக்குப் போன் செய்து "நான் கட்டினவன், பூட்டுங்கள்" என்று சொல். ஒரு வரிதான். உன் வேலை போகும், தெரியும். ஜெயிலுக்கும் போவாய். சோறு கொண்டுவந்து தருகிறேன்.

சீக்கிரம், அண்ணா.


நவம்பர் 1

அண்ணா,

இரண்டு வாரமாகத் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறேன். உன்னிடமிருந்து எதுவும் இல்லை. போனும் இல்லை. நான் எழுதியது உனக்குக் கிடைத்து நீ பேசாமல் இருக்கிறாயா, கிடைக்கவே இல்லையா, தெரியவில்லை. கிடைக்கவில்லை என்று நம்பிக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நேற்று தலைமையாசிரியை பொடிசுகளை மறுபடி புதுக் கட்டடத்துக்கே அனுப்பிவிட்டார். வாசலில் குறுக்கே நின்று பார்த்தேன். பெற்றோர்களிடம் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். ஏழு பேர் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டார்கள். மற்றவர்கள், "நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம், பிள்ளையை எங்க விட்றது?" என்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பதினைந்து குழந்தைகள் இன்னும் வருகின்றன. எல்லாருக்கும் எதிரில் தலைமையாசிரியை என்னிடம் சொன்னார்: "அவ்வளவு பயம்னா நீங்களே போய் அங்க உக்காருங்களேன்."

சரி என்றேன்.

ஒன்றாம் வகுப்பு இன்றிலிருந்து என்னுடையது. என் நான்காம் வகுப்பை இளம் டீச்சர் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குச் சின்னக் குழந்தை இருக்கிறது. பொடிசுகளைக் கதவோரம் நெருக்கி உட்காரவைத்திருக்கிறேன். "பாம்பு தூங்குது, யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது, டீச்சர் கை தட்டினா சத்தம் போடாம வெளியே ஓடணும்" என்று சொல்லி, அதையே ஒரு விளையாட்டாகப் பழக்குகிறேன். கடைசியாக வெளியே போவது நான் என்பது விளையாட்டின் விதி. என் மேசை பின்சுவரோரம் இருக்கிறது. சத்தத்தை முதலில் கேட்க வேண்டியவள் நான்தானே.

உன்னை மிரட்டுவதற்காக இதைச் செய்யவில்லை. அந்தக் குழந்தைகளை அங்கே கொண்டுபோய் வைத்தவள் நான். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். பதினைந்து பேருக்காக நீ வாய் திறக்க மாட்டாய், எனக்காகத் திறப்பாய். எனக்காகவே திற. காலை மணி அடித்ததிலிருந்து மாலை மணி அடிக்கும் வரை நான் அந்த அறையில்தான் இருக்கிறேன்.

மருந்துக்கடையில் போன் இருக்கிறது என்றாயே. இந்த முறை அடிக்க விடு.

உன் தங்கை


நவம்பர் 6

அன்பு வாயாடிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். நான் சுகம். முழங்கால்கூடப் பரவாயில்லை.

பாதை சரிந்து கிடக்கிறது. அக்டோபர் பத்தாம் தேதிக்குப் பிறகு ஜீப் ஏறவில்லை. உன்னிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை, சத்தியம் செய்து எழுதியிருப்பாய் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதமும் எப்போது கிளம்புமோ. பாதை திறக்க இன்னும் இரண்டு வாரமாவது ஆகும் என்கிறார்கள். அரிசி இருக்கிறது, பயமில்லை.

ரேடியோவில் உங்கள் பக்கம் பலத்த மழை என்று சொன்னார்கள். நேற்று விறகெல்லாம் ஈரம், அடுப்பு பிடிக்கவில்லை. நீ அனுப்பிய பாம்புப் பக்கங்களைப் போட்டுத்தான் மூட்டினேன். பெட்டியில் அவை இருக்கிறவரை எனக்குத் தூக்கம் வரவில்லை, வாயாடி. இனி அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்.

எத்தனையோ நாளுக்குப் பிறகு நேற்று நன்றாகத் தூங்கினேன். என்ன நடந்தாலும் நடக்கட்டும், நீ அந்த அறையில் இல்லை. அது ஒன்று போதும் எனக்கு.

மழையில் நனையாதே. பதில் போடு.

உன்,
அண்ணன்